கடுகக்கா கழற்றிப்போட்ட வண்டிகள்

கடுகக்காவுக்கு அந்தப் பேரை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆள் சின்ன உருவம். கோபம் வந்துவிட்டால் காய்ந்த எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி நாலு பக்கமும் தெறிப்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். "ஏன்க்கா நீங்க கல்யாணம் பண்ணிக்கல?" என்று ஒருநாள் கேட்டேன். "எவனுக்கு அவ்வளவு தைரியம் இருக்கு, நீயே சொல்லு" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

வீடு வீடாக மருந்து கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பெனியில் நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் உள்ளே மருந்து கட்டுகிறவள். அவள் பின்பக்கம் தகரக் கொட்டகையில் சைக்கிள் பழுது பார்க்கிறவள். மருந்துப் பைகள் சைக்கிளில்தான் போகும். படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்கள் குடியிருக்கும் சந்துகளுக்குள் வேறு எதுவும் நுழையாது. என் மேசைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரு ஜன்னல் இருந்தது. அவள் போடுகிற சத்தத்தில் பாதி அதன் வழியாகவே எனக்குக் கேட்டுவிடும். மீதியை மத்தியானம் சாப்பிடும்போது அவளே சொல்லிவிடுவாள்.

தொழிலையும் அவள் கோபத்தில்தான் கற்றுக்கொண்டாள். முதலில் அவளும் வண்டியில் மருந்து கொண்டுபோனவள்தான். ஒருநாள் மிதிக்கும்போதெல்லாம் காலுக்குக் கீழே கரகரவென்று ஏதோ அரைத்திருக்கிறது. அப்போதிருந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "பாட்டம் பிராக்கெட் போயிடுச்சு. வெச்சுட்டுப் போ, நேரம் கெடைக்கும்போது பாக்கறேன்" என்றாராம். அவருக்கு நேரம் கிடைக்கவே இல்லை. வண்டி இல்லாதவளுக்கு வேலையும் இல்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவள், அவர் டீ குடிக்கப் போன சமயம் வண்டியைக் கவிழ்த்துப்போட்டுத் தானே பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். வலது பக்கத்துக் கப்பை மட்டும் என்ன முக்கியும் கழற்ற முடியவில்லை. திரும்பி வந்த மெக்கானிக் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "அந்தப் பக்கம் மரை தலைகீழா இருக்கும்மா. நீ கழட்டல, இறுக்கிக்கிட்டு இருக்க" என்று சிரித்தார். "இத வந்த உடனே சொல்றதுக்கென்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று இவள் போட்ட போட்டில் அவர் மீதி வேலையை மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தார் என்பது அவள் கதை. சில வருஷம் கழித்து அவர் வேறு இடத்துக்குப் போனபோது கொட்டகை இவள் கைக்கு வந்தது.

இரண்டு பெடலையும் தாங்குகிற கிராங்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் அச்சு, அது சுழல்வதற்கான பால்ரஸ், பால்ரஸைத் தாங்கும் கப்பு, எல்லாம் சேர்ந்ததுதான் பாட்டம் பிராக்கெட். மிதிக்கிறவர்களுடைய மொத்த பலமும் அங்கேதான் இறங்குகிறது. கம்பெனியில் மூன்று தடவையாக வண்டி வாங்கியதால் எங்களிடம் மூன்று விதமும் இருந்தது.

பழைய இரும்பு வண்டிகளில் பால்ரஸ் உதிரியாக இருக்கும். பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் அப்பி, ஒவ்வொன்றாக அடுக்கி, இடது கப்பைக் கையால் உணர்ந்து உணர்ந்து இறுக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் அரைக்கும். கொஞ்சம் குறைந்தால் ஆடும். சரியாக வந்துவிட்டது என்று மேலே பூட்டு வளையத்தை முறுக்கினால், கப்பும் கூடவே நகர்ந்து எல்லாம் கெட்டுப்போகும். "இது மாமியார் மாதிரி. பக்குவமாப் போனா காலம்பூரா ஒத்துழைக்கும்" என்பாள், மாமியாரே இல்லாத கடுகக்கா.

அடுத்து வாங்கிய வண்டிகளில் எல்லாம் ஒரே குழாய்க்குள் மூடிய செட். உள்ளே கை வைக்க முடியாது. போய்விட்டால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டும். மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவ மறந்தால் மட்டும் துருப்பிடித்து ஃப்ரேமோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதைக் கழற்றுவதற்குள் தாவு தீர்ந்துவிடும்.

கடைசியாக வந்த பன்னிரண்டு வண்டிகளும் அலுமினியம். பார்க்க அழகு, தூக்க லேசு. இவற்றின் ஃப்ரேமில் மரையே கிடையாது, வழவழப்பான ஓட்டை மட்டும்தான். பேரிங்கை அதற்குள் அழுத்தி நுழைக்க வேண்டும். அதற்கென்று நீளத் திருகாணி வைத்த கருவி ஒன்று இருக்கிறது. அதை மெதுவாக முறுக்க முறுக்க பேரிங் நேராகப் போய் உட்காரும். சுத்தியலால் அடித்தால் கோணலாக ஏறும், ஓட்டை நசுங்கும். ஒரு மயிரிழை நசுங்கினாலும் போதும், அந்த ஃப்ரேம் மறுபடி வட்டமாகாது. கடுகக்காவுக்கு இந்தப் பன்னிரண்டையும் கண்டாலே ஆகாது. "மரை கழண்ட ஆளுன்னா தட்டி சரி பண்ணிடலாம். இதுக்கு மரையே இல்லையே" என்பாள். ஆனாலும் மாதம் தவறாமல் ஒவ்வொன்றையும் கழற்றித் துடைத்து, கிரீஸ் தடவி, திருகி மாட்டிவிடுவாள். அதுவரை அவை சத்தம் காட்டாமல்தான் ஓடின.

தன் தம்பியை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டதும் அவள்தான். கொட்டகையில் உதவிக்கு வந்தவன் கொஞ்ச நாளில் சூப்பர்வைசர் ஆகிவிட்டான். கெட்டிக்காரன், இனிக்க இனிக்கப் பேசுவான். முதலாளி ஒரு வேலையைச் சொல்லி முடிப்பதற்குள் "ஆகட்டும் சார்" என்று பாதி வேலையை ஆரம்பித்திருப்பான். நாங்கள் எல்லாரும் அவனை 'சார்' என்போம். அக்காவுக்கு மட்டும் 'டேய்'தான். தையல் கடைக்கு மேலே இரண்டு அறை கொண்ட வீட்டில் அம்மாவும் அவளும் அவனும் இருந்தார்கள். "நாலு பேர் முன்னாடி டேய்னு கூப்பிடாதக்கா" என்று ஒருநாள் வீட்டில் கெஞ்சியிருக்கிறான். "சரிடா, இனிமே கூப்பிடல" என்றாளாம்.

வண்டிகள் சேறும் சகதியுமாக நோயாளிகள் வீட்டு வாசலில் போய் நிற்பது முதலாளிக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னார். தம்பி மறுநாளே தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கிவிட்டான். தினமும் சாயங்காலம் எல்லா வண்டிக்கும் வாட்டர் சர்வீஸ். தண்ணீர் பீய்ச்சுகிற வேகத்தில் சுவர்ச் சுண்ணாம்பே பெயர்ந்து வரும்.

"டேய், தொடைக்கணும்னா துணி இருக்கு. இந்தத் துப்பாக்கியை அச்சுக்கு நேரா காட்டாத. தண்ணி உள்ள பூந்தா கிரீஸ் பூரா வெளிய வந்துடும்."

"வண்டி பளபளன்னு இருக்கணும், அவ்வளவுதான்க்கா. உள்ள இருக்கறத யார் பாக்கப்போறா?"

"மிதிக்கறவன் பாப்பான்டா!"

அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொஞ்ச நாளில் வண்டிகள் ஒவ்வொன்றாக முனக ஆரம்பித்தன. அக்கா கழற்றிப் பார்த்தால் உள்ளேயிருந்து டீத்தண்ணி நிறத்தில் துருத்தண்ணீர் ஒழுகியது. நல்ல பேரிங் வாங்கித் தரச் சொன்னாள். வந்து சேர ஒரு வாரம் ஆகும், அதுவரை வண்டி நிற்கும் என்று தெரிந்ததும் தம்பி வேறு வழி பார்த்தான். எங்கேயோ கிடைத்த, பிளாஸ்டிக் கப்பில் பேரிங் வைத்த மட்டமான செட்டுகளை வாங்கிவந்து, அவள் வீட்டுக்குப் போன பிறகு, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்துத் தானே இறக்கிவிட்டான்.

மறுநாள் காலையில் அவள் அந்தச் சுத்தியல் தடத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"எவன்டா இத அடிச்சு எறக்கினது?"

"நான்தான். அடிச்சா உள்ள போகுதில்ல? அப்புறம் என்ன?"

"ஆணியை அடிச்சாலும் உள்ள போகும்! ஓட்டை நசுங்கிப்போச்சுடா, பேரிங் கோணலா நிக்குது, கண்ணு தெரியலயா உனக்கு?"

வண்டி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே அக்கா 'டா' போட்டுப் பேசியது அவனுக்கு என்னவோ போலாகிவிட்டது. "இந்தப் புது வண்டிங்க எதையும் இனிமே நீ தொட வேணாம். நான் பாத்துக்கறேன். நீ பழசை மட்டும் பாரு" என்றான்.

அவள் கையிலிருந்த ஸ்பேனரை மேசையில் வைத்தாள். "சரி சார்" என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவனை சார் என்றாள். அவன் காது இரண்டும் சிவந்துபோயின.

அன்றிலிருந்து அவள் அந்தப் பன்னிரண்டு வண்டிகள் நின்ற பக்கம் திரும்பக்கூட இல்லை. "தண்ணி தெளிச்சு விட்டாச்சு. எக்கேடோ கெட்டுப் போகட்டும்" என்று என்னிடம் சொன்னாள். அதே கோபத்தோடு பழைய வண்டிகளை அவ்வளவு சுத்தமாகப் பராமரித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வருவதில்லை.

அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் ஹெல்மெட் அண்ணன். வெயிலானாலும் மழையானாலும், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும், ஹெல்மெட்டைக் கழற்றாத மனுஷர் என்பதால் அந்தப் பேர். வயதில் அவளைவிட மூத்தவர். ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவளை அக்கா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். கம்பெனியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட விழுந்ததில்லை, ஒரு மருந்துப் புட்டியை உடைத்ததில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

ஒருநாள் காலை அவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, மிதிச்சா வலது பக்கம் டக்கு டக்குங்குது. கிராங்கைப் பிடிச்சு ஆட்டினா லேசா ஆடுது. ஒரு தடவை பாருங்களேன்."

"உங்க சாரைப் போய்க் கேளுங்கண்ணே. புது வண்டியைத் தொடக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு."

"கேட்டேன்க்கா. புதுசுன்னா சத்தம் வரத்தான் செய்யும்ங்கறாரு."

"அப்ப பாட்டுன்னு நெனச்சுக்கிட்டு ஓட்டுங்க! ரெண்டு பேரும் சேந்து என் உயிரை ஏன் வாங்கறீங்க?"

அவர் மருந்துப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார்.

மத்தியானத்துக்கு முன்னால் போன் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. பையில் பாரம் அதிகம் என்பதால் எழுந்து நின்று மிதித்திருக்கிறார். வலது பக்கத்து பேரிங் உடைந்து கிராங்கு சாய்ந்துவிட்டது. செயின் கழன்று விழ, கால் வெறும் காற்றை மிதித்தது. பக்கவாட்டில் ரோட்டில் விழுந்தார். ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது. வலது கை மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்துபோனது.

சாயங்காலம் முதலாளி எங்கள் எல்லாரையும் கூப்பிட்டார். தம்பி அவர் பக்கத்தில் நின்றான். "வண்டி நல்ல கண்டிஷன்லதான் இருந்திருக்கு. சூப்பர்வைசர் செக் பண்ணித்தான் அனுப்பினாராம். அவர் எழுந்து நின்னு மிதிச்சிருக்கார். இனிமே எல்லாரும் உக்காந்துதான் மிதிக்கணும், புரியுதா?" என்றார் முதலாளி. மருந்து கட்டுகிற பெண்களில் ஒருத்தி, மேட்டில் உட்கார்ந்துகொண்டு மிதித்தால் வண்டி பின்னால் போகாதா என்று என் காதில் கேட்டாள். நான் திரும்பிக் கடுகக்காவைப் பார்த்தேன். அவள் தம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தரையைப் பார்த்தான்.

வேலை முடிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாவுக்கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். ஹெல்மெட் இல்லாமல் பார்த்தபோது யாரோ வேறு ஆள் மாதிரி இருந்தது. தலை முழுக்க நரைத்திருந்தது.

"நான் கவனமில்லாம ஓட்டினேன்னு சொல்றாங்களாமே?" என்றார். குரலை உயர்த்தவில்லை. "கை போனது போகட்டும்க்கா. நானாவே விழுந்தேன்னு சொல்றாங்க பாருங்க, அதான் தாங்கல. சத்தம் வருதுன்னு நான் உங்ககிட்ட வந்து சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கண்ணே" என்றாள்.

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நாங்கள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம். பஸ்ஸில் அவள் பல்லைக் கடிக்கிற சத்தம் பக்கத்தில் உட்கார்ந்த எனக்குக் கேட்டது.

வீட்டில் நடந்ததை அவள் மறுநாள் என்னிடம் சொன்னாள். தம்பி சாப்பிட உட்கார்ந்திருந்தான். இவள் போய்த் தட்டுக்கு முன்னால் நின்றாள்.

"செக் பண்ணித்தான் அனுப்பினியா? வாய் கூசலயாடா உனக்கு?"

"மெதுவாப் பேசுக்கா. கீழ கடையில ஆள் இருக்காங்க."

"கேக்கட்டும்! தையல் மிஷினை நிறுத்திட்டுக் கேக்கட்டும்! நீ அடிச்ச அடியில ஒரு மனுஷன் கை ஒடஞ்சு கெடக்கறாரு."

"என்ன பண்ணச் சொல்ற? நல்ல பேரிங் வேணும், ஒரு வாரம் ஆகும்னு முதலாளிகிட்ட கேட்டேன். ஒருநாள்கூட வண்டி நிக்கக் கூடாதுன்னுட்டாரு. இப்ப போய் உண்மையைச் சொன்னா என் வேலை போயிடும்."

"போகட்டும்."

அம்மா குறுக்கே வந்தாள். "சாப்பிடற பிள்ளையை எழுப்பாதடி. அவன் என்ன வேணும்னா பண்ணினான்? நீ கொஞ்சம் தணிஞ்சு போனா எந்த வம்பும் இல்ல. எப்பப் பாரு வரிஞ்சு கட்டிக்கிட்டு நிக்கற."

அப்போதுதான் தம்பி நிமிர்ந்து அதைச் சொன்னான். "அவர் காலையில உன்கிட்டதானே வந்தாரு? ஆடுதுன்னு சொன்னாரா? நீ மெக்கானிக்தானே? பாட்டுன்னு நெனச்சுக்கன்னு அனுப்பினது நானா?"

 அவன் சொன்னதில் பொய் இல்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரம். அவன்மேல் எவ்வளவு கோபமோ அதே அளவு தன்மேலும் வந்தது, இரண்டையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் சாப்பிடாமலே போய்ப் படுத்துக்கொண்டாளாம்.

மறுநாள் மத்தியானம் வண்டிகள் எல்லாம் முதல் சுற்று முடிந்து கொட்டகைக்கு வந்து நின்றன. ஓட்டுகிறவர்கள் சாப்பிடப் போனார்கள். தம்பி முதலாளியோடு வெளியே போயிருந்தான். கடுகக்கா ஜன்னலைத் தட்டி, "காலி மருந்துப் பெட்டி இருந்தா கொண்டா" என்றாள். எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், முதல் வண்டி ஏற்கெனவே ஸ்டாண்டில் தொங்கியது.

அவள் அவ்வளவு வேகமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. கிராங்கின் போல்ட்டைத் தளர்த்தி உருவினாள், அச்சை ஒரு தட்டுத் தட்டி வெளியே எடுத்தாள், உள்ளேயிருந்து கம்பியை விட்டு இரண்டு பக்கத்து பேரிங்கையும் தட்டித் தள்ளினாள். வண்டிக்கு ஒரு பெட்டியாக எல்லாவற்றையும் போட்டு அந்தந்த வண்டிக்குக் கீழே வைக்கச் சொன்னாள். சில பேரிங்குகள் தட்டாமலே கையோடு வந்தன. ஒன்றைத் தூக்கியதும் பால்ரஸ் இரண்டு தரையில் உருண்டு ஓடியது. "பாரு, பாரு" என்று அதைக் காட்டித் திட்டினாள். யாரைத் திட்டுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. தம்பியை, முதலாளியை, தண்ணீர் மிஷினை, நடுநடுவே தன்னையும்.

சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் பேயறைந்தவர்கள் மாதிரி நின்றார்கள். உடைந்த வண்டியோடு சேர்த்து பன்னிரண்டும் கிராங்கு இல்லாமல் வரிசையாக நின்றன. நடுவயிற்றில் ஓட்டை விழுந்த மாதிரி ஒரு பக்கமிருந்து மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது.

தம்பி வந்தான். "என்னக்கா பண்ணி வெச்சிருக்க?" என்று கத்தினான். பின்னாலேயே முதலாளி. உள்ளே போன் அடித்துக்கொண்டே இருந்தது; மருந்து ஏன் இன்னும் வரவில்லை என்று வீடுகளிலிருந்து கேட்டார்கள்.

அவள் ஒரு பேரிங்கை முதலாளி கையில் வைத்தாள். "சுத்திப் பாருங்க."

அவர் சுற்றினார். அது நறநறவென்று நாலு தடவை சிக்கி நின்றது. விரலில் துருக்கறை ஒட்டியது. அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு, "சரி, எப்ப ரெடியாகும்?" என்றார்.

"ரெடியாகாது."

"என்னம்மா பேசற? ஜனங்க மருந்துக்குக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"பழைய வண்டிங்க எல்லாம் நல்லா இருக்கு. அவசர மருந்தை அதுல அனுப்புங்க, கட்டி வெச்சாச்சு. இதுங்கள மாட்டணும்னா ரெண்டு விஷயம். வண்டியாலதான் அவர் விழுந்தாருன்னு இங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. நல்ல பேரிங் வர்ற வரைக்கும் இது நிக்கட்டும்."

"சார், நான் மாட்டறேன்" என்றான் தம்பி.

"மாட்டுடா. எல்லாரும் பாக்கட்டும்" என்று அவள் ஒதுங்கி நின்றாள்.

அவன் கட்டையையும் சுத்தியலையும் எடுத்தான். முதல் கப்பை ஓட்டையில் வைத்து அடித்தான். கோணிக்கொண்டு நின்றது. மறுபக்கம் திருப்பி ஓங்கி அடித்தான். பிளாஸ்டிக் விரிசல் விட்டு விளிம்பு தெறித்தது. இன்னொன்றை எடுத்தான்; அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய், வண்டியை நிமிர்த்தியதும் தானாக வெளியே விழுந்தது. ஓட்டை அவ்வளவு விரிந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவன் சுத்தியலைத் தரையில் வீசி எறிந்தான்.  அவள் அதைப் பார்த்தாள், ஆனாலும் உதவிக்குப் போகவில்லை.

வண்டி ஓட்டுகிறவர்களில் ஒருவர் தன் மருந்துப் பையைக் கழற்றிக் கீழே வைத்தார். பக்கத்தில் நின்றவரும் வைத்தார். பழைய வண்டி ஓட்டுகிறவர்கள்கூட வைத்துவிட்டார்கள்.

முதலாளி சுற்றிலும் பார்த்தார். "சரி, வண்டியாலதான் விழுந்தார். போதுமா?" என்றார்.

"எங்களுக்குப் போதும். படுத்திருக்கறவருக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

அவர் முறைத்தார். அப்புறம் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி அதையும் செய்யவைத்தாள். முதலாளி விஷயத்தைச் சொல்லி, ஆஸ்பத்திரிச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று கடுகடுப்பாக முடித்தார்.  "சரிங்க சார்" என்றார் ஹெல்மெட் அண்ணன். "அந்த வண்டியை வேற யார்கிட்டயும் குடுத்துடாதீங்க."

அன்று சாயங்காலம் தண்ணீர் மிஷினின் குழாயைக் கடுகக்கா கத்தியால் மூன்று துண்டாக அறுத்துப் போட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நல்ல செட்டுகள் வந்து சேர்ந்தன. இவை இரண்டு பக்கமும் உள்ளேயே ஒன்றோடொன்று மரையால் பூட்டிக்கொள்ளும் விதம். ஃப்ரேமில் மரை இல்லாவிட்டாலும் பிடிமானம் நிற்கும். எட்டு வண்டிகளுக்கு அவற்றை மாட்டினாள். நாலு ஃப்ரேம் தேறவே தேறாது என்று வாளால் அறுத்துப் போட்டாள், வேறு யாரும் எடுத்து ஓட்டிவிடக் கூடாது என்று.

இதோடு முடிந்திருந்தால் அவள் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும். ஆனால் முதலாளி அடுத்த வாரமே பழியை மொத்தமாகத் தம்பி தலையில் போட்டு, அவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கழுவச் சொன்னதும் அவன், காத்திருக்க மாட்டேன் என்றதும் அவன், தனக்கு எதுவுமே தெரியாது என்றார். கடுகக்கா கிரீஸ் கையோடு அவர் அறைக்குள் போய்விட்டாள்.

"கழுவச் சொன்னது யாரு? ஒருநாள்கூட வண்டி நிக்கக் கூடாதுன்னது யாரு? அவன் ஆமாஞ்சாமி போட்டான், தப்புதான். ஆனா உத்தரவு யாரோடது?"

"நீதானேம்மா அன்னைக்கு அவ்வளவு சத்தம் போட்ட? இப்ப அவனுக்காகவும் நீயே வர்ற. உனக்கு என்னதான் வேணும்?"

"உண்மை வேணும்!" என்று கத்திவிட்டு வந்தாள். அது கிடைக்கவில்லை. அவளை மட்டும் அவர் நிறுத்தவில்லை. அந்த வண்டிகளைப் பார்க்க வேறு ஆள் இல்லை.

ஹெல்மெட் அண்ணன் கட்டுப் பிரித்து வந்தார். மணிக்கட்டு முன்போல முழுதாகத் திரும்பவில்லை, பிரேக்கை இடது கையால்தான் பிடிக்க வேண்டியிருந்தது. பழைய வண்டி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதை எடுக்கும்போது, "அன்னைக்கு ஒரே ஒரு தடவை கையால ஆட்டிப் பாத்திருந்தீங்கன்னா போதும்க்கா" என்றார்.

"ஆமாண்ணே" என்றாள். அவ்வளவுதான். கடுகக்கா பதிலுக்குப் பதில் பேசாமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் அக்காவும் தம்பியும் நேரடியாகப் பேசிக்கொள்வதை விட்டுவிட்டார்கள். "உன் பிள்ளையைக் கதவைத் தாழ்ப்பாள் போடச் சொல்லு" என்று அவள் அம்மாவிடம் சொல்வாள். "உன் பொண்ணுகிட்ட போட்டாச்சுன்னு சொல்லு" என்று கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே அவன் சொல்வான். கடைசியில் அவனுக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது. அங்கேயே அறை பார்த்துக்கொண்டான்.

அவன் சாமான் எடுத்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்குத் துணையாக இருக்கச் சொல்லி என்னையும் கூப்பிட்டிருந்தாள். கட்டிலைத் தவிர எல்லாம் கீழே போய்விட்டது. படிக்கட்டு குறுகல், திருப்பத்தில் கைப்பிடிச் சுவர் இடிக்கும். அவன் தனியாக இழுத்துப் பார்த்தான், கட்டில் திருப்பத்தில் குறுக்கே மாட்டிக்கொண்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அவள் சமையலறையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய்த் தலைமாட்டைப் பிடித்துத் தூக்கினாள்.

"சாச்சுப் புடிடா, மடையா. செவுத்துல இடிக்குது."

"நீ தள்ளாதக்கா. கால்ல விழப்போகுது."

"விழுந்தா விழட்டும். முதல்ல காலை எடு."

"எடுத்துட்டேன்க்கா! நீ மேல தூக்கு!"

அப்படியே ஒருத்தரை ஒருத்தர் ஏசிக்கொண்டு கீழ்ப்படி வரை இறங்கினார்கள். கட்டிலை வண்டியில் ஏற்றியதும் அவன் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். போகிறேன் என்று சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியதும் அவள் மேலே ஏறி வந்தாள். ஜன்னலோரம் நின்று அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "இப்ப எதுக்கு அழற? அவன் என்ன கடல் தாண்டியா போயிட்டான்?" என்று கத்தினாள். கத்திவிட்டு, கட்டில் கிடந்த இடத்தில் சேர்ந்திருந்த தூசியைப் பெருக்க ஆரம்பித்தாள்.